வழிநூல் மரபும் வழியிசையும்: மலேசியத் தமிழ் மறுகலவைப் பாடல்களும் 'அசல்' பற்றிய விவாதமும்

முன்னுரை

தமிழ் இலக்கண மரபு நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்துக் காண்கின்றது. தொல்காப்பிய மரபியல் வழிநூலை நால்வகைப்படுத்துகின்றது. விரிந்ததைத் தொகுத்தல், தொகுத்ததை விரித்தல், தொகுத்தும் விரித்தும் உரைத்தல், பிறமொழியிலிருந்து பெயர்த்தல் என்பன அவை. பின்வந்த நன்னூல் சார்புநூல் என்பதனையும் கூட்டி நூல்களை மூன்றாக வகுத்தது. வழிநூல் செய்தானைக் களவு செய்தான் என இம்மரபு பழிக்கவில்லை. ஆயினும், தான் எவர் வழி நின்று நூல் செய்தான் என்பதை அவன் பாயிரத்தில் உரைத்தாக வேண்டும் என எதிர்பார்த்தது.

நூலுக்குரிய இப்பார்வையை இசைக்குப் பொருத்திப் பார்க்க இக்கட்டுரை முற்படுகின்றது. எடுத்துக்கொண்ட பொருள் 'ரீமிக்ஸ்' என வழங்கும் மறுகலவைப் பாடல்களாகும். புகழ்பெற்ற திரைப்பாடல் ஒன்றின் ஒரு பகுதியை எடுத்து, அதன் தாளத்தை மாற்றி, மின்னணு ஒலிகளைச் சேர்த்து, புதிய சொற்களையும் புகுத்தி வேறொரு பாடலாக்கும் முறையே மறுகலவை எனப்படுகின்றது. பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல், தம் அறையிலேயே கணினியை வைத்து இசை கட்டிய இளைஞர்கள் இம்முறையை மலேசியத் தமிழரிடையே வளர்த்தனர். 'அண்டர்கிரவுண்ட்' எனத் தம்மை அழைத்துக்கொண்ட அவ்வுலகில் எது அசல், எது போலி என்ற வினா தொடக்கம் முதலே எழுந்து வந்துள்ளது.

இவ்வரலாற்றை நோக்குதற்குரிய இடமாக ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரைக் கொள்கிறோம். இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, மூவார் வட்டாரத் தமிழர் பிற இடங்களில் உருவான இசையைக் கேட்டு வாழ்ந்தோர் ஆவர். சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பதிவானவையே அவர்தம் இல்லங்களில் ஒலித்தன. படைப்போர் நிலையிலிருந்து எழுதப்படும் இசை வரலாற்றில் கேட்போர் மறைந்துபோவது இயல்பு; அக்குறையை இந்நோக்கு ஓரளவு நீக்கும். இரண்டாவது, 'அசல்' பற்றிய விவாதத்திற்குத் தக்க விடையொன்றை மூவார் நெடுங்காலமாகத் தன்னகத்தே கொண்டுள்ளது. அதுவே மலாய்க் கசல் ஆகும்.

மூவாரும் மலாய்க் கசலும்

கசல் என்னும் பெயர் அரபு, பாரசீக, உருது மரபுகளுக்குரியது. ஆர்மோனியமும் தபேலாவும் இந்தியாவிலிருந்து வந்தவை. காம்புஸ் என்னும் நரம்புக்கருவி அரபு வணிகத் தொடர்பினை உணர்த்துவது. வயலினும் கித்தாரும் மேலைநாட்டவை. இவை அனைத்தும் ஒன்றுசேர, பாந்துன் வடிவிலமைந்த மலாய்ச் சொற்கள் பாடப்படும்பொழுது பிறப்பதே ஜொகூர்க் கசல். ரியாவ்-லிங்கா அரசவை வழியாக அது ஜொகூருக்கு வந்தது என்பர் ஒரு சாரார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தீவக்கற்பத்திற்கு வந்த பம்பாய் நாடகக் குழுக்களின் செல்வாக்கை வலியுறுத்துவர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுகளுள் எது ஏற்புடையதாயினும், கசல் கடன்பெற்ற இசை என்பதில் ஐயமில்லை. எனினும் இன்று ஜொகூரில் அதனைப் போலி என்பார் எவரும் இலர். அது மாநிலத்தின் மரபுக்கலையாகப் போற்றப்படுகின்றது. அக்கலை வேரூன்றிய இடங்களுள் மூவாரும் ஒன்று.

மலாய்த் திரைக்கலையிலும் இந்நிலையே காணப்படுகின்றது. பி. ரம்லி கதாநாயகனாக நடித்த முதற்படமான 'பக்தி' 1950இல் வெளிவந்தது. அதனை இயக்கிய எல். கிருஷ்ணன் சென்னை மாகாணத்தில் பிறந்தவர். இந்தித் திரைமெட்டுகளின் சாயல் அக்கால மலாய்ப் பாடல்கள் பலவற்றில் படிந்திருந்தது. கடன் வாங்கிய கலை காலப்போக்கில் உரிமைக்கலையாக மாறுவதற்கு இவை சான்றுகளாகும். எனவே, கடன்பெற்றது என்ற ஒரே காரணத்தால் ஒரு கலை போலியாகிவிடாது என்பதை இங்கே ஒரு தெளிவாகக் கொண்டு மேற்செல்லலாம்.

மெட்டு மேல் மெட்டு: தமிழில் முன்வழக்கு

தமிழிலும் இவ்வழக்கம் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலிவு விலையில் அச்சிடப்பட்ட பாட்டுப் புத்தகங்களில், ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இன்ன பாட்டின் மெட்டு என்று குறிக்கும் வழக்கம் இருந்தது. வர்ணமெட்டு என அது வழங்கியது. நாடகப் பாடல், பஜனைப் பாடல், அரசியல் பாடல் எனப் பலவும் மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளில் புதுச்சொல் பெய்து பாடப்பட்டன. கற்றறியாதாரும் உடனே பாடுவதற்கு இது வாய்ப்பளித்தது. பாடியவர் மெட்டைத் தமதென்று கூறவில்லை. மூலத்தின் பெயரைத் தலைப்பிலேயே பொறித்தனர். இந்தச் சிறு குறிப்பு நம் ஆய்வுக்கு மிகவும் இன்றியமையாதது. நன்னூல் சிறப்புப்பாயிரத்தில் வேண்டிய 'வழி' என்பது, அச்சுக்கூடத்துத் தொழிலாளியின் கையில் ஒருவரிக் குறிப்பாக வடிவெடுத்து நின்றது எனலாம்.

மலேசியாவில் இதன் தொடர்ச்சியை உறுமி மேளத்தில் காணலாகும். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களிலும் தைப்பூசக் காவடிகளிலும் முழங்கும் உறுமிக் குழுக்கள் திரைப்பாடல்களின் மெட்டுகளைத் தம் தாளத்திற்கு இயைத்து இசைக்கின்றன. தைப்பூசத்தில் பக்திக்குப் புறம்பான திரையிசையைத் தவிர்க்குமாறு மலேசிய இந்து சங்கம் பலமுறை வேண்டுகோள் விடுத்து வந்துள்ளது. பினாங்கில் தண்ணீர்ப் பந்தல்களில் ஒலிக்கும் உரத்த இசை பற்றியும் கட்டுப்பாடுகள் பேசப்பட்டு வந்துள்ளன. எனவே, மறுகலவை பற்றிய விவாதம் இரவு விடுதியில் பிறந்தது எனக் கருதுதல் பொருந்தாது. அது கோயில் வாயிலிலும் நிகழ்ந்த ஒன்றாகும்.

உலக அரங்கில் மறுகலவை

இனி, மறுகலவையின் உலகப் பின்னணியைச் சுருங்க நோக்குவோம். 1960களின் இறுதியிலும் 1970களிலும் யமேக்காவில் கிங் டபி முதலிய ஒலிப்பொறியாளர்கள், பதிவான பாடல்களிலிருந்து குரலை நீக்கியும் எதிரொலி சேர்த்தும் புதிய வடிவங்களை உருவாக்கினர். யமேக்காவில் பிறந்து நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வாழ்ந்த கூல் ஹெர்க் 1973 ஆகஸ்டு 11ஆம் நாள் நடத்திய விருந்து, ஹிப் ஹாப் இசையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. இசைத்தட்டின் தாளப்பகுதியை மட்டும் இரு சுழல்தட்டுகளில் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து அவர் நடனத்தை நீட்டித்தார். இசைக்கருவி வாங்க வசதியற்றோர் இசைத்தட்டையே கருவியாக்கிக்கொண்டனர் என்பது இங்கு நோக்கத்தக்கது.

பிரிட்டனில் புலம்பெயர்ந்த இந்தியரின் பிள்ளைகள் இதனைத் தமதாக்கினர். பர்மிங்காமைச் சேர்ந்த பாலி சாகூ பழைய இந்தித் திரைப்பாடல்களை மறுகலந்து 1994இல் 'பாலிவுட் பிளாஷ்பேக்' தொகுப்பை வெளியிட்டார். தல்வின் சிங் 1997இல் தொகுத்த 'அனோக்கா' இசைத்தொகுப்பு 'ஏசியன் அண்டர்கிரவுண்ட்' என்னும் பெயரைப் பரப்பியது. 1999இல் அவருக்கு மெர்க்குரி பரிசு கிட்டியபொழுது, நிலவறை இசை பேரரங்கேறிவிட்டால் அது இன்னும் நிலவறை இசைதானா என்ற வினா எழுந்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுப் பாடலொன்றை மறுகலந்து 2002இல் வெளிவந்த 'காண்ட்டா லகா' பெருவிற்பனையும் பெருங்கண்டனமும் ஒருங்கே பெற்றது.

தமிழ்த் திரையுலகில் 'குறும்பு' (2003) படத்திற்காக யுவன் சங்கர் ராஜா, தம் தந்தையாரின் 'அடுத்த வாரிசு' (1983) படப்பாடலான 'ஆசை நூறுவகை'யை மறுகலந்ததே இப்போக்கின் தொடக்கமாகப் பரவலாகக் குறிக்கப்படுகின்றது. அடுத்த ஆண்டு 'நியூ' படத்தில் ஏ.ஆர். ரகுமான், 'படகோட்டி' (1964) படத்தின் 'தொட்டால் பூ மலரும்' பாடலைப் புதுப்பித்தார். இவை பெரிய படநிறுவனங்களுக்குள்ளேயே நிகழ்ந்த மறுகலவைகள். மலேசியத் தமிழ் இளைஞர் செய்தது இதனின்றும் வேறுபட்டது.

தோட்டத்துச் செவியும் நகரத்துக் குரலும்

இரண்டாம் உலகப்போருக்குப்பின் 1946இல் அமைந்த மலாயா வானொலி தமிழிலும் ஒலிபரப்பியது. ரப்பர்த் தோட்ட வரிசை வீடுகளில் வானொலியே இசையின் வாயில். பின்னர் ஒலிநாடா வந்தது. சென்னையில் வெளியான பாடல்கள் விரைவில் மூவார்க் கடைத்தெருவையும் எட்டின. லனாட்ரன், நோர்டனல் போன்ற தோட்டப் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கும் இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள், அத்தோட்டச் சமூகம் ஒருகாலத்தில் எவ்வளவு செறிந்திருந்தது என்பதற்குச் சான்றாகும். இக்காலமெல்லாம் இசைப்போக்குவரத்து ஒருவழிப்பாதையாகவே இருந்தது. சென்னை பாடியது, மலாயா கேட்டது.

1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, பல துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடமளித்தன. வேலையும் வீடும் ஒருசேர இழந்த குடும்பங்கள் நகரின் மலிவு விலை அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்தன. அங்கே வளர்ந்த இளைஞர் தமிழ்த் திரைப்பாடலைப் பெற்றோரிடமிருந்தும், ஹிப் ஹாப் இசையைத் தொலைக்காட்சியிலிருந்தும் பெற்றனர். கோலாலம்பூரில் தோன்றிய 'பொயட்டிக் அம்மோ' குழு 1998இல் வெளியிட்ட 'இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்' தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டோனீசு ஆகிய மொழிகள் இடம்பெற்றன. அக்குழுவின் யோகி பி என்னும் யோகேஸ்வரன் வீரசிங்கம், பின்னர் முழுவதும் தமிழை நோக்கித் திரும்பினார்.

உலகெங்கும் 1990களின் பிற்பகுதியில் 'ஃப்ரூட்டிலூப்ஸ்' போன்ற மலிவான மென்பொருள்கள் பரவியதும் இங்குக் குறிக்கத்தக்கது. இசைக்கூடத்திற்கு வாடகை கொடுக்க இயலாதவரும் வீட்டுக் கணினியில் தாளக்கட்டு அமைக்கலாயினர். எரித்த குறுவட்டுகள் கைமாறின. இசைக் கல்வியோ முதலீடோ இல்லாமல் இசையமைக்கும் வாய்ப்பு முதன்முறையாக உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கிட்டியது.

'மடை திறந்து': வழியிசையின் சான்று

2006இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோர் 'யோகி பி - நட்சத்ரா' என்னும் பெயரில் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டனர். அதில் இடம்பெற்ற 'மடை திறந்து', பாரதிராஜா இயக்கிய 'நிழல்கள்' (1980) படத்திற்காக இளையராஜா இசையமைத்து எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடலை அடிப்படையாகக் கொண்டது. மூலத்தின் மெட்டு பல்லவியாக நிற்க, இடையிடையே தமிழ்ச் சொல்லிசை விரைந்து செல்லும்.

இத்தேர்வு தற்செயலானதன்று என்பது நம் கருத்து. 'நிழல்கள்' படித்து வேலையற்ற இளைஞர்களின் கதை. அப்பாடலோ இசையமைப்பாளனாக உயரும் நாளைக் கனவு காணும் இளைஞன் ஒருவனின் மகிழ்ச்சி. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, கடலுக்கு இப்பாலுள்ள இளைஞர்கள் அக்கனவைத் தம் கனவாக எடுத்துரைத்தனர். மூலப்பாடலின் பொருளை அவர்கள் சிதைக்கவில்லை. அதன் கருத்தோடு ஒத்துநின்று, தம் காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ற வேறுபாட்டைச் சேர்த்தனர். முன்னோர் முடிபோடு உடன்பட்டுப் பின்னோன் தான் வேண்டும் மாற்றத்தைக் கூறுவதே வழிநூல் என்னும் நன்னூற் கருத்தோடு இது பெரிதும் பொருந்துகின்றது.

அடுத்து நிகழ்ந்ததே வரலாற்று நோக்கில் முதன்மை வாய்ந்தது. 'நினைத்தாலே இனிக்கும்' (1979) படத்தில் எம்.எஸ். விசுவநாதன் இசையமைத்த 'எங்கேயும் எப்போதும்' பாடல் 2007இல் 'பொல்லாதவன்' படத்திற்காக மறுகலக்கப்பட்டபொழுது, சென்னைத் திரையுலகம் அதற்குச் சொல்லிசை வழங்க யோகி பியை அழைத்தது. 'ஆடுகளம்' (2011) படப்பாடலிலும் அவர் குரல் ஒலித்தது. அறுபது ஆண்டுகளாக ஒருவழியாக இருந்த பாதை, ஒரு மறுகலவைப் பாடலால் இருவழியாயிற்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஹிப்ஹாப் தமிழா இரட்டையரின் 'ஹிப் ஹாப் தமிழன்' தொகுப்பு வெளிவந்தது 2012இல். 'வல்லவன்' அதற்கு ஆறு ஆண்டுகள் முற்பட்டது. தமிழ்ச் சொல்லிசை தமிழகத்தில் தோன்றி இங்குப் பரவியது என்று மாணவர் எழுதுவாராயின், இக்காலவரிசையை நாம் எடுத்துக்காட்டுதல் வேண்டும்.

மூவகை மறுப்புகள்

இம்மறுகலவைகளுக்கு எழுந்த மறுப்புகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, திரையிசை அன்பர்களின் மறுப்பு. மூலப்பாடலின் நுட்பமும் நிதானமும் உரத்த தாளத்தில் அழிந்துவிடுகின்றன என்பது அவர்தம் வாதம். இதில் உண்மை உண்டு. பல மறுகலவைகள் மூலத்தின் புகழை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் பொருளை விட்டுவிடுகின்றன. ஆயினும், அத்திரைப்பாடல்களும் கலப்பில் பிறந்தவையே என்பதை இவ்வாதம் மறந்துவிடுகின்றது. இளையராஜாவின் இசையில் நாட்டுப்புற மெட்டும் மேலைச் செவ்விசையும் ஒருங்கிணைந்தன, எம்.எஸ். விசுவநாதன் இலத்தீன் அமெரிக்கத் தாளங்களைக் கையாண்டார். ஒரு தலைமுறையின் கலப்பு அடுத்த தலைமுறைக்கு மரபாகின்றது.

இரண்டாவது, ஹிப் ஹாப் உலகத்தாரின் மறுப்பு. புகழ்பெற்ற திரைப்பாடலின் தோளில் ஏறிநிற்பது எளிய வழி. சொந்தத் தாளக்கட்டும் சொந்த வாழ்வுமே உண்மையான சொல்லிசை என்பர் இவர். சென்னைத் திரையுலகின் அழைப்பை ஏற்றவர் 'அண்டர்கிரவுண்ட்' உலகை விட்டு விலகியவர் என்றும் கருதுவர். இவ்வாதத்தின் நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால், மலேசியத் தமிழ் இளைஞனுக்கு அவனது சொந்த வாழ்வின் ஒலி எது? பெற்றோர் வீட்டு வானொலியில் நாள்தோறும் ஒலித்த திரைப்பாடலே அவனது குழந்தைப் பருவம். அமெரிக்க இளைஞன் தன் தாய் கேட்ட சோல் இசைத்தட்டை வெட்டி எடுத்தால் அதனை அசல் என்றும், தமிழ் இளைஞன் தன் தாய் கேட்ட பாடலை எடுத்தால் அதனை வணிகம் என்றும் கூறுவது அளவுகோல் பிறழ்ந்ததாகும்.

மூன்றாவது, மொழி அன்பர்களின் மறுப்பு. ஆங்கிலமும் மலாயும் கலந்த சொற்கள், சிதைந்த ஒலிப்பு ஆகியவற்றை இவர் கண்டிப்பர். தமிழாசிரியர் என்ற முறையில் இக்கவலை நமக்கும் உண்டு. எனினும், வீட்டில் தமிழ் குன்றிவரும் சூழலில் எதுகையும் மோனையும் தேடித் தமிழ்ச்சொல் அடுக்கும் இளைஞனை மொழிப்பகைவன் எனத் தள்ளுதல் தகாது. சொல்லிசைக்கு உயிர் எதுகையும் இயைபும். அவை யாப்பிலக்கண வகுப்பில் நாம் கற்பிக்க அரும்பாடு படுபவை.

இம்மூன்று மறுப்புகளும் வெவ்வேறாயினும் ஒரு கருதுகோளைப் பொதுவாகக் கொண்டுள்ளன. அசல் என்பது மூலத்தின் தூய்மையில் உள்ளது என்பதே அது. கசலும் வர்ணமெட்டும் உறுமியும் இக்கருதுகோளைப் பொய்ப்பிக்கின்றன. அப்படியாயின், அசலுக்கும் போலிக்கும் வேறுபாடே இல்லையா? உண்டு. அதனைப் பாயிரத்தில் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பாயிரமும் உரிமையும்

நன்னூல் சிறப்புப்பாயிரத்திற்கு எட்டுச் செய்திகளை வேண்டுகின்றது. அவற்றுள் முதலிரண்டு, ஆக்கியோன் பெயரும் வழியும். நூல் இயன்ற காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துரைப்பாரும் உளர் என்றும் அந்நூல் கூறும். மறுகலவைப் பாடலுக்கும் இவையே தேவைப்படுகின்றன. மூலத்தை ஆக்கியோர் யார், வழி எது, புதிதாகச் சேர்த்தவர் யார், எக்காலத்தில், எவ்விடத்தில், எதன்பொருட்டு?

இக்காலச் சட்டங்களும் இதே திசையில் செல்கின்றன. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவும், இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவும் படைப்பாளியின் தார்மீக உரிமையைக் காக்கின்றன. தன் பெயர் சுட்டப்படுதலும், தன் படைப்பு தன் மதிப்புக் கெடச் சிதைக்கப்படாதிருத்தலும் அவ்வுரிமையின் கூறுகள். 2012இல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டம், ஒரு பாடலின் மறுபதிவிற்கு முதற்பதிவிலிருந்து ஐந்தாண்டு இடைவெளியை வேண்டுகின்றது. இளையராஜா பாடல்களின் உரிமை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் 2019 சூன் மாதம் தீர்ப்பளித்த வழக்கில், மலேசிய இசை நிறுவனம் ஒன்றும் தொடர்புற்றிருந்தது. இசைப்படைப்பும் அதன் ஒலிப்பதிவும் தனித்தனி உரிமைகள் என்ற வேறுபாட்டை அவ்வழக்கு பொதுமக்களும் அறியச் செய்தது.

இங்கு ஓர் இடர்ப்பாட்டையும் மறைக்கலாகாது. பெயர் சுட்டுதல் வேறு, இசைவு பெறுதல் வேறு, ஊதியம் தருதல் வேறு. பெயர் சுட்டுதற்குப் பொருட்செலவில்லை. இசைவும் ஊதியமும் அவ்வாறல்ல. கையில் காசில்லாத இளைஞன் முன்னரே உரிமம் பெற்றாக வேண்டுமெனில் அவன் தொடங்கவே மாட்டான். ஆகவே, வறியவன் பெரியாரிடமிருந்து எடுப்பதும், பெருநிறுவனம் வறியவனிடமிருந்து எடுப்பதும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத்தக்கன அல்ல.

பின்னதற்கு அண்மைச் சான்று 2021 மார்ச் மாதம் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி'. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசை தயாரித்த அப்பாடலில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் திரும்பிய அறிவின் பாட்டியார் வள்ளியம்மாளின் நினைவுகள் இழையோடுகின்றன. பிரெஞ்சு இசைஞர் டிஜே ஸ்னேக் அதனை மறுகலந்தபொழுது, விளம்பரங்களில் அறிவின் பெயர் இடம்பெறாமை கடும் விவாதத்தை எழுப்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசையிதழின் அட்டையிலும் அவர் இடம்பெறாதது அவ்விவாதத்தை வலுப்படுத்தியது. பாடலால் தமக்கு வருவாய் வரவில்லை எனச் சந்தோஷ் நாராயணனும் 2024இல் வெளிப்படையாகக் கூறினார். அங்கு எவரும் தாளம் மாறியதைக் குறைகூறவில்லை. தோட்டத் தொழிலாளியின் பேரன் பெயர் விடுபட்டதே புண்ணாயிற்று. மலேசியத் தோட்டங்களின் வழிவந்த நமக்கு அப்புண் எத்தகையது என விளக்க வேண்டியதில்லை. ரப்பர்ப் பாலுக்கு எடை எழுதப்பட்டது. வெட்டியவர் பெயர் எந்நூலிலும் எழுதப்படவில்லை.

இதற்கு எதிர்நிலையில் வைத்து எண்ணத்தக்கது 2024இல் 'லால் சலாம்' படப்பாடலொன்றில் நிகழ்ந்தது. மறைந்த பாடகர் பம்பா பாக்யா, சாகுல் அமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவு கொண்டு உருவாக்கினார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, ஊதியமும் அளித்ததாக அவர் அறிவித்தார். செயற்கைக் குரலை ஏற்பதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். எனினும் பெயர், இசைவு, ஊதியம் ஆகிய மூன்றும் அங்கு ஒருசேர முன்வைக்கப்பட்டன.

வகுப்பறையும் ஆவணமும்

மலேசியத் தமிழ் மறுகலவை இசையின் தொடக்ககாலப் படைப்புகள் ஒலிநாடாக்களிலும் எரித்த குறுவட்டுகளிலும் பழைய கணினிகளிலும் தங்கியவை. இவை நூலைப் போல் நூறாண்டு நிற்கா. குறுவட்டின் பூச்சு உரியும். ஒலிநாடா பூஞ்சை பிடிக்கும். கணினி பழையிரும்புக் கடைக்குப் போகும். ஓலைச்சுவடிகள் ஆற்றோடு போனமைக்கு இன்றும் வருந்தும் நாம், நம் கண்முன் அழியும் சுவடிகளைக் காணாதிருத்தல் முறையாகாது.

இதன்பொருட்டு இரு பணிகளை முன்மொழிகிறோம். முதலாவது, தமிழ் கற்பிக்கும் உயர்கல்வி நிறுவனங்கள் மாணவரைக் கொண்டு வட்டாரந்தோறும் இவ்விசையைத் திரட்டுதல். மூவார் மாணவர் ஒருவர் தம் அண்டை வீட்டார் வைத்திருக்கும் குறுவட்டுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிற்கும் ஆக்கியோன், வழி, காலம், களம், காரணம் ஆகிய ஐந்தினையும் எழுதினால் அதுவே ஒரு நல்ல ஆய்வேடாகும். உறுமிக் குழுக்களையும் திருமண விருந்துகளில் இசை இயக்குவோரையும் இதில் விடுதல் கூடாது.

இரண்டாவது, வகுப்பறை. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் பாகுபாட்டை மாணவர் மனப்பாடம் செய்து மறந்துவிடுகின்றனர். ஒரு திரைப்பாடலையும் அதன் மறுகலவையையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்து, எது தொகுக்கப்பட்டது, எது விரிக்கப்பட்டது, எவ்வேறுபாடு சேர்க்கப்பட்டது என வினவினால் இலக்கணம் உயிர்பெறும். அப்பாடலுக்கு ஒரு பாயிரம் எழுதுக எனப் பணித்தால், பிறர் உழைப்பைப் பெயர் சொல்லி மதிக்கும் பழக்கமும் உடன்வரும். கட்டுரைகளை அப்படியே படியெடுத்து ஒப்படைக்கும் போக்கு மிகுந்துவரும் இந்நாளில் இப்பயிற்சி இசைக்கு மட்டும் உரியதன்று.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். மறுகலவை தமிழ் மரபுக்கு அயலானதன்று. வழிநூலும் வர்ணமெட்டும் அதன் முன்னோர். மலேசியத் தமிழருக்கு அது கேட்போர் நிலையினின்று படைப்போர் நிலைக்கு ஏறிய படியாயிற்று. 2006, 2007ஆம் ஆண்டுகள் அவ்வகையில் நினைவுகூரத்தக்கவை. அசல் என்பதைத் தூய்மையால் அளந்தால் மூவார்க் கசல் முதல் சென்னைத் திரையிசை வரை எதுவும் தேறாது. பெற்றதைப் பெற்றேன் என உரைத்தல், சேர்த்ததைத் தெளிவுபடுத்துதல், உழைத்தோர் பெயரை விடாதிருத்தல் ஆகியவற்றால் அளந்தால் வேறுபாடு தெளிவாகப் புலப்படும். அந்த அளவுகோல் பவணந்தியார் நமக்கு வைத்துச் சென்றது. அதனை நூல்களுக்கு மட்டுமின்றி, நம் பிள்ளைகள் செவியில் இரவும் பகலும் ஒலிக்கும் பாடல்களுக்கும் பயன்படுத்துதல் தமிழ் கற்பிப்போர் கடமையாகும்.